தாமரையும் மக்கானாவும்

(நீர்நிலைப் பயிர்கள் குறித்து ஆற்றப்பெற்ற உரையின் கட்டுரை வடிவம்)

பொரித்த சோளத்தைப் போல வெண்மையாகவும், அதைவிடப் பருமனாகவும் உள்ள ஓர் உணவுப் பொருள் அண்மை ஆண்டுகளில் நாடெங்கும் மளிகைக் கடைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வட இந்தியாவில் நெடுங்காலமாக விரத நாள்களிலும் விழாக்களிலும் இடம்பெற்றுவரும் அப்பொருளுக்கு மக்கானா என்பது பெயர். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ‘தாமரை விதை’ என்றே விற்கப்படுகிறது. வாங்குவோரும் தாமரையின் விதையைத்தான் இவ்வாறு பொரித்திருக்கிறார்கள் என்று நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கை தவறானது. மக்கானா தாமரையின் விதையன்று. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, முட்கள் நிறைந்த வேறொரு நீர்த் தாவரத்தின் விதை. தாமரை விதை என்ற உணவுப் பொருளும் உண்டு, அது வேறு. இரண்டும் சத்துள்ளவை, இரண்டும் நம் நாட்டின் குளங்களிலும் ஏரிகளிலும் விளைபவை. அப்படியிருக்கப் பெயரில் என்ன வந்துவிட்டது என்று சிலர் வினவலாம். இரு செடிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். எந்தச் செடி எவ்வாறு வளர்கிறது, எதற்கு அஞ்சுகிறது, யாருடைய உழைப்பால் கரையேறுகிறது என்பதை அறியாமல் அதன் வளர்ச்சிக்குத் திட்டம் தீட்ட இயலாது.

தோற்றத்தில் ஒற்றுமை

முதற்பார்வையில் இவ்விரு செடிகளையும் உறவினர் என்று கருதுவது இயல்பே. இரண்டும் சேற்றில் வேரூன்றுகின்றன. இரண்டிற்கும் வட்டமான பெரிய இலைகள் உண்டு. சாதாரண அல்லியின் இலையில் காம்பு சேருமிடத்தில் ஒரு பிளவு காணப்படும். தாமரையிலும் முதிர்ந்த மக்கானா இலையிலும் அப்பிளவு இல்லை. இரண்டிலும் காம்பு இலையின் நடுவில் குடைக் கம்பியைப்போல் இணைந்திருக்கிறது. இரண்டின் தண்டுகளிலும் காற்றறைகள் உள்ளன. சேற்றில் புதைந்த பகுதிகளுக்கு மூச்சு அவற்றின் வழியே செல்கிறது.

தாவரவியல் அறிஞர்களையே இந்த ஒற்றுமை நெடுங்காலம் மயக்கியது. தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் தாமரையை அல்லி இனத்தோடு சேர்த்தே எழுதினார். பிறகு அது தனி இனமாகப் பிரிக்கப்பட்டு, ‘நிலம்போ நியூசிஃபெரா’ என்ற இன்றைய பெயரைப் பெற்றது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டிலும் பல பாடநூல்கள் அதை அல்லியின் நெருங்கிய உறவாகவே காட்டிவந்தன. மக்கானாவிற்கு ‘யூரியேல் ஃபெராக்ஸ்’ என்பது தாவரவியற் பெயர். யூரியேல் என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் ஓர் அச்சமூட்டும் அரக்கியின் பெயர். ஃபெராக்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குக் கொடிய என்று பொருள். இந்தச் செடியின் முட்களைத் தொட்டவர் எவரும் அப்பெயரைக் குறை கூறமாட்டார். யூரியேல் என்னும் இனத்தில் இன்று உயிரோடிருப்பது இந்த ஒரு சிற்றினமே.

பிறப்பில் வேற்றுமை

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தாவரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வளர்ந்தது. 1998-இல் வெளியான புதிய வகைப்பாடு தாமரையை அல்லிகளிடமிருந்து முற்றாகப் பிரித்து, எவரும் எளிதில் எதிர்பாராத ஓரிடத்தில் வைத்தது. அதன்படி தாமரையின் உயிரோடுள்ள நெருங்கிய உறவுகள் நீர்ச் செடிகள் அல்ல; நிலத்து மரங்கள். ஸ்ரீநகரில் டால் ஏரியின் கரையில் ஓங்கி நிற்கும் சினார் மரமும், நீலகிரியிலும் குடகிலும் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரமும் தாமரையின் சுற்றத்தைச் சேர்ந்தவை. ஏரிக்குள் மலர்ந்திருக்கும் தாமரைக்கு, அதனருகில் மிதக்கும் அல்லியைவிடக் கரையில் நிற்கும் சினார் நெருங்கிய உறவு.

அல்லிக் குடும்பமோ பூக்கும் தாவரங்களின் பெருமரத்தில் மிகத் தொடக்கத்திலேயே தனியே கிளைத்தது. அது பிரிந்த பிறகே நெல், தென்னை போன்ற ஒருவித்திலைத் தாவரங்களின் வழியும், மா, வேம்பு, தாமரை ஆகியவற்றின் வழியும் வெவ்வேறாகப் பிரிந்தன. ஆகவே வம்சாவளியை வைத்துக் கணக்கிட்டால், தாமரைக்கு மக்கானாவைவிட நெற்பயிரே நெருங்கியது. இவ்விரு செடிகளின் பொது மூதாதை வாழ்ந்த காலம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மிக முற்பட்டது.

இதற்கு மரபணுச் சான்று மட்டுமன்றி உருவச் சான்றும் உண்டு. தாமரையின் மகரந்தத் தூளில் மூன்று பிளவுகள் உள்ளன. மா, வேம்பு முதலிய பெருந்தொகுதி முழுவதற்கும் பொதுவான அடையாளம் அது. அல்லிக் குடும்பத்தில் அந்த அடையாளம் இல்லை. அவ்வாறாயின் இலையும் தண்டும் ஏன் ஒத்திருக்கின்றன? தேங்கிய நீரில் வாழும் எந்தச் செடிக்கும் சேற்றில் காற்றுப் பஞ்சம். ஒளியோ நீரின் மேற்பரப்பில். ஒரே இடர்ப்பாட்டை எதிர்கொண்ட இரு வேறு குலங்கள் தனித்தனியே ஒத்த தீர்வை எட்டியுள்ளன. மீனும் திமிங்கலமும் நீந்தும் வடிவில் ஒத்திருப்பதைப் போன்றது இது.

மலரும் விதையும்

வளரும் முறையை நோக்கும்போது வேற்றுமை மேலும் தெளிவாகிறது. தாமரையின் முதல் இலைகள் நீரில் மிதந்தாலும், பின்னர் வருபவை நீருக்கு மேல் எழுந்து நிற்கின்றன. இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் மெழுகுப் படிவும் இருப்பதால் நீர் ஒட்டாமல் முத்துப்போல் உருண்டு, தூசியையும் உடன்கொண்டு செல்கிறது. மக்கானாவின் இலை எழுவதில்லை. ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் நீர்மேல் விரிந்து கிடக்கிறது. மேற்புறம் சுருக்கங்களுடன் பச்சை, அடிப்புறம் ஊதா. அங்குப் புடைத்து நிற்கும் நரம்புகளெங்கும் முட்கள்.

தாமரை மலர் நீருக்கு மேல் உயர்ந்து வண்டுகளை அழைக்கிறது. அது மலரும் சில நாள்களில் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்கிறது. சுற்றிலும் உள்ள காற்று 10 டிகிரி செல்சியஸ் அளவிற்குக் குளிர்ந்தபோதும் மலரின் உள்ளே 30 டிகிரிக்குக் குறையாத வெப்பம் நிலவியதை 1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மக்கானாவின் சிறிய ஊதா மலர்களில் பல நீருக்குள்ளேயே திறவாமல் இருந்து, தம் மகரந்தத்தாலேயே கருவுற்று விதை தருகின்றன. இதனால் உழவருக்கு ஒரு நன்மை உண்டு. ஒரு நல்ல வகையைத் தேர்ந்து விதைத்தால், அடுத்த தலைமுறையிலும் அதன் குணம் பெரிதும் மாறாமல் நிற்கும். தர்பங்காவிலுள்ள ஆராய்ச்சி மையம் 2013-இல் வெளியிட்ட ‘ஸ்வர்ண வைதேகி’ என்ற வகை இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டதே. பழைய வகைகளைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விளையும் திறன் அதற்கு உண்டு.

விதையைப் பிளந்து பார்த்தால் வேற்றுமை ஐயத்திற்கிடமின்றி விளங்கும். தாமரையின் விதைகள் தட்டையான பொகுட்டின் குழிகளில் தனித்தனியே அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உணவு இரு பருத்த வித்திலைகளில் சேமிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் கசப்பான பச்சை முளை. அதன் ஓடு மிக உறுதியானது. சீனாவில் வறண்டுபோன ஓர் ஏரிப் படுகையிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமையான தாமரை விதை முளைத்ததாக 1995-இல் அறிவிக்கப்பட்டது.

மக்கானாவின் காய் முள் போர்த்த, ஆரஞ்சுப் பழம் அளவுள்ள உருண்டை. முதிர்ந்ததும் அது நீருக்குள் வெடிக்கிறது. விதைகள் வழவழப்பான சதையுறையுடன் ஓரிரு நாள்கள் மிதந்து, உறை அழிந்தபின் அடியில் மூழ்கிச் சேற்றில் புதைகின்றன. இங்கு உணவு வித்திலைகளில் இல்லை. தாய்ச் செடியின் திசுவிலிருந்தே அமைந்த மாவுப் பகுதியில் இருக்கிறது. கெட்டியான கரிய ஓட்டுக்குள் அடைபட்ட இந்த மாவுதான், உரிய பக்குவத்தில் சூடேறி ஓடு உடையும்போது, வெண்பஞ்சாகப் பொரிகிறது. கடையில் விற்கும் வெண்பொரிக்குள் கசப்பான பச்சை முளையின் சுவடே இல்லாதிருப்பதற்கும் இதுவே காரணம்.

காஷ்மீரத்தின் தாமரைக் கிழங்கு

தாமரையின் பெரும்பயன் விதையைக் காட்டிலும் சேற்றில் ஓடும் கிழங்கில் உள்ளது. வட நாட்டில் அதைக் கமல் ககடி என்பர், காஷ்மீரில் நத்ரு. தமிழகத்தில் தாமரைத் தண்டு என்ற பெயரில் வற்றலாக விற்பதும் இதுவே. நீள வாக்கில் ஓடும் காற்றுக் குழாய்கள் குறுக்கே வெட்டும்போது வட்டத் துளைகளாகத் தோன்றும். டால், அஞ்சார், மானஸ்பல், ஊலர் ஆகிய ஏரிகளில் படகுகளில் நின்றும், கழுத்தளவு நீரில் இறங்கியும், கொக்கி பொருத்திய நீண்ட கழிகளால் கிழங்கைத் தொழிலாளர் இழுத்தெடுக்கின்றனர். தயிரில் சமைத்த நத்ரு யக்னி இல்லாத விருந்து அங்கு அரிது.

கிழங்கை நம்பி வாழும் செடிக்கு அடிநிலத்தின் நிலையே உயிர்நிலை. அதை ஊலர் ஏரியின் வரலாறு காட்டுகிறது. 1992-ஆம் ஆண்டு வெள்ளத்தில் பெரும் வண்டல் வந்து படிந்தபின் அங்குத் தாமரை மறைந்தது. அதை அறுவடை செய்து வாழ்ந்த கரையோரக் குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேட நேர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஏரியில் தாமரைப் பூ இல்லை. பின்னர் ஏரியின் பகுதிகளில் வண்டல் அகற்றப்பட்டது; விதைகளும் தூவப்பட்டன. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் ஊலரில் மீண்டும் தாமரை பரவலாக மலர்ந்தது. டால் ஏரியிலும் 2014 செப்டம்பர் வெள்ளத்திற்குப் பின் நத்ரு விளைச்சல் பெரிதும் குன்றியது. தாமரை உழவரின் முதற் பகை வண்டல் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் கற்பிக்கின்றன.

மிதிலையின் முட்குளங்கள்

மக்கானாவின் நிலை வேறு. அது பயிராகும் இடங்களில் ஆண்டுதோறும் விதையிலிருந்து புதிதாக எழுகிறது. நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு பீகாரிலிருந்து வருகிறது. தர்பங்கா, மதுபனி, சகர்சா, சுபௌல், பூர்ணியா, கடிகார் முதலிய மாவட்டங்களின் குளங்களும் தாழ்நிலங்களும் அதன் களம். மணிப்பூரில் தாங்ஜிங் என்ற பெயரில் இதே செடியின் காம்பும் காயும் காய்கறியாக உண்ணப்படுகின்றன. பொரிக்கும் கலை மிதிலைக்கே உரியது. ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் கோஜாகரா விழாவில் மிதிலையின் வீடுகளில் மக்கானா வழங்குவது மரபு.

அந்தக் கலையைக் காத்து வருவோர் மல்லா எனப்படும் மீனவச் சமூகத்தினர். காய்கள் வெடித்து விதைகள் சேற்றில் படிந்தபின், ஆவணி தொடங்கி இரண்டு மூன்று மாதங்கள் அவர்கள் நான்கு முதல் ஆறு அடி ஆழமுள்ள குளங்களில் மூழ்குகின்றனர். மூச்சடக்கி அடியில் அமர்ந்து, சேற்றைக் கையால் கூட்டிக் குவித்து, மூங்கில் தட்டில் அள்ளி அலசி விதையைப் பிரிக்கின்றனர். ஒரு நாளில் இவ்வாறு எத்தனையோ முறை மூழ்கி எழ வேண்டும். அழுகிய இலைகளின் முட்கள் சேற்றிலேயே கிடக்கின்றன. கண்ணிலும் காதிலும் சேறு புகுகிறது, தோல் வெடிக்கிறது. அடியிலிருக்கும் விதை முழுவதையும் எவராலும் எடுத்துவிட முடியாது. எஞ்சியது அடுத்த ஆண்டின் நாற்றாகிறது. தாமரைக் குளத்தில் விட்டுவைக்கும் கிழங்குத் துண்டு செய்யும் வேலையை இங்கு விட்டுப்போன விதை செய்கிறது.

குரி எனப்படும் அந்தக் கரிய விதை கழுவப்பட்டு, வெயிலில் உலர்த்தப்பட்டு, சல்லடைகளால் அளவு பிரிக்கப்படுகிறது. இரும்புச் சட்டியில் ஒருமுறை வறுத்து, இரண்டு மூன்று நாள்கள் ஆறவிடுகின்றனர். மீண்டும் மிகுந்த சூட்டில் வறுத்து, கனல் போன்ற விதைகளைச் சட்டியிலிருந்து எடுத்த மறுகணமே பலகைமீது வைத்து மரத்தட்டியால் அடிக்கின்றனர். சில நொடிகள் தாமதித்தாலும் பொரி விரியாது. ஒருவர் வறுக்க, ஒருவர் எடுக்க, ஒருவர் அடிக்க, குடும்பமே அடுப்பைச் சுற்றி அமர்ந்து செய்யும் வேலை இது. விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே பொரி கிடைக்கும். பொரிக்கும் பருவத்தில் தர்பங்கா, மதுபனிக் குடும்பங்கள் பல பூர்ணியாப் பக்கம் சென்று, மாதக்கணக்கில் தங்கிக் கூலிக்கு இவ்வேலையைச் செய்கின்றன.

செய்யத் தக்கவை

2002-இல் தர்பங்காவில் மக்கானாவிற்கென ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. ஓரடி ஆழ நீர் தேங்கும் வயல்களில் நாற்று நட்டுப் பயிரிடும் முறை அங்கு வகுக்கப்பட்டது. அம்முறையில் ஆழத்தில் மூழ்க வேண்டியதில்லை. மக்கானாவிற்குப் பின் அதே நிலத்தில் வேறு பயிரும் எடுக்கலாம். பொரிக்கும் பொறிகளும் உருவாக்கப்பட்டுள்ளன. 2022-இல் ‘மிதிலா மக்கானா’ புவிசார் குறியீடு பெற்றது. 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் மக்கானா வாரியம் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் பூர்ணியாவில் தொடங்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இவற்றின் பயன் குளத்தில் மூழ்குபவரைச் சென்றடைய மேலும் சில செயல்கள் வேண்டும்.

முதலாவது, பெயர். புவிசார் குறியீடு என்பது ஒரு பொருளை அதன் நிலத்தோடும் மக்களோடும் பிணைக்கும் சட்டப் பாதுகாப்பு. தென்னாட்டுக் கடையில் அதே பொருள் ‘தாமரை விதை’ ஆகும்போது அந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. வாங்குபவருக்கு மிதிலையும் தெரிவதில்லை. மல்லா உழைப்பாளியும் தெரிவதில்லை. உண்மையான தாமரை விதையை விளைவிப்பவரும் தம் பொருளுக்குரிய பெயரை இழக்கிறார். தாமரையையும் ஆம்பலையும் குவளையையும் தனித்தனிப் பெயரிட்டுப் போற்றிய தமிழ் மொழிக்கு இந்த மயக்கம் பொருந்துவதன்று. மக்கானா என்ற பெயரையே வழங்கலாம். தமிழ்ப் பெயர் வேண்டுமாயின் முள்ளல்லி என்பது செடியின் குலத்தையும் குணத்தையும் ஒருங்கே உணர்த்தும்.

இரண்டாவது, உரிமை. வயல் முறை பரவப் பரவ, பயிர் நிலமுடையோர் கைக்கு மாறக்கூடும். மூழ்குபவரிற் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. ஆபத்தான வேலை ஒழிவது நன்றே. அதனோடு அவர்களுடைய பிழைப்பும் ஒழிந்துவிடக் கூடாது. குளங்களை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடும்போது நீண்ட கால உறுதியளிப்பதும், பொரிக்கும் பொறிகளைத் தனியார் முதலாளிகளுக்கு மட்டுமன்றி அச்சங்களுக்கும் கடனுதவியுடன் வழங்குவதும் இதற்குரிய வழிகள். கண்ணுக்கும் காதுக்கும் தோலுக்கும் காப்பு, நோயுற்றால் மருத்துவ உதவி ஆகியவையும் வாரியத்தின் பணியில் இடம்பெறத் தக்கவை.

மூன்றாவது, ஒவ்வொரு செடிக்கும் அதற்கேற்ற திட்டம். தாமரை ஏரியில் வண்டலைத் தடுப்பதற்கும் அகற்றுவதற்கும் முன்னுரிமை வேண்டும். அது கரையைக் காக்கும் வேலை, மலையில் காடு வளர்க்கும் வேலை, ஆண்டுகள் பல பிடிக்கும் வேலை. மக்கானாவிற்கு நல்ல விதையும், ஆழம் குறைந்த வயலும், அறுவடைக் கருவியும், நியாயமான விலையும் முன்னிற்க வேண்டும். ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்கு இட்டால் பணம் செலவாகும், பயன் விளையாது.

நாட்டில் சதுப்பும் தாழ்நிலமும் பயனற்றவை என்று எண்ணித் தூர்க்கப்பட்ட காலம் உண்டு. அந்த எண்ணம் இன்னும் முற்றாக மறையவில்லை. உழவுக்கு உதவாது என ஒதுக்கிய அத்தகைய நீரில்தான் இவ்விரு செடிகளும் உணவையும் வேலையையும் தருகின்றன. நாட்டின் தேசிய மலர் என்ற சிறப்பு தாமரைக்கு உண்டு. மக்கானாவின் மலரோ பெரும்பாலும் நீருக்குள்ளேயே மறைந்துவிடுகிறது; அதை எடுத்து வருபவரும் நீருக்குள்ளேயே மறைந்து உழைக்கிறார். பொட்டலத்தின்மேல் சரியான பெயரை அச்சிடுவது சிறிய செயலே. எனினும், அவருடைய உழைப்பு நுகர்வோரின் கண்ணில் படுவதற்கு அதுவே முதற்படியாகும்.